அடி தெரிகிற தண்ணீர்

என் அக்காவுக்குக் கலங்கின தண்ணீரைக் கண்டால் ஆகாது. யார் வீட்டுக்குப் போனாலும், குடிக்கக் கொடுத்த செம்பை வெளிச்சத்துப் பக்கம் சாய்த்து, அடி தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் வாயில் வைப்பாள். கொடுத்தவர்களுக்கு முகம் சுண்டிப்போகும். அவளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. பவானியில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாயாரே கொண்டுவந்து நீட்டிய செம்பைப் பார்த்துவிட்டு, "வெச்சிருங்க, சித்த தெளியட்டும், அப்பறம் குடிச்சுக்கறேன்" என்று கீழே வைத்துவிட்டாள். அந்த அம்மாள் அதற்குப் பிறகு எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் வந்ததில்லை.

குமாரபாளையத்தில் காவேரிக் கரையோரம் எங்களுக்குச் சாயப்பட்டறை இருந்தது. மேட்டூரில் அணை கட்டி முடிக்காத காலம் அது. அப்பா போன பிறகு பட்டறையை நடத்தியது அக்காதான். அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமா, நூல் வாங்கவும் சாயம் ஏற்றிய நூலைக் கொடுக்கவும் ஈரோடு, செவ்வாய்ப்பேட்டை என்று சுற்றிக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்தால் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மறுபடியும் வண்டி ஏறுவார்.

ஆடி பிறந்தால் ஊரே ஆற்றுக்கு ஓடும். புதுத்தண்ணீர் வந்துவிட்டது என்று குலவை போடுவார்கள். எங்களுக்கோ அது வில்லங்கம். காவேரி செக்கச்செவேல் என்று வரும். அந்தத் தண்ணீரில் மஞ்சள் நூலை அலசினால் அழுக்கு மஞ்சளாகும், வெள்ளையை அலசினால் சாமியாருக்குத்தான் விற்க வேண்டும். தீபாவளிச் சேலைக்கு நூல் கேட்டு நெசவுக்காரர்கள் வாசலில் வந்து நிற்கிற மாதமும் அதுதான். அதனால் பட்டறையின் பின்பக்கம் வரிசையாக மொடாக்களில் ஆற்றுத் தண்ணீரை நிரப்பிவைப்போம். மொடா என்பது ஓர் ஆள் உள்ளே இறங்கி உட்காரக்கூடிய பெரிய மண்பானை. அக்கா தேற்றாங்கொட்டையை எடுத்து மொடாவின் உட்பக்கத்தில் சுற்றிச்சுற்றி உரசுவாள். அதன் பிறகு அந்தப் பக்கம் ஒருவரும் போகக் கூடாது. அழுத்தி நடந்தாலே திட்டு விழும். சாயங்காலம் உரசிவைத்தால் காலையில் மண்ணெல்லாம் அடியில் படிந்து, மேலே தண்ணீர் கண்ணாடியாக நிற்கும். அக்கம்பக்கத்தில் எல்லோரும் அதே கொட்டையைத்தான் உரசினார்கள். ஆனால் எங்கள் தண்ணீர் மாதிரி அவர்களுக்கு வராது. காரணம் பெரிய ரகசியமில்லை. அவர்கள் அவசரப்பட்டு முகப்பார்கள், அக்கா அவசரப்பட மாட்டாள்.

கொட்டை வருவது எங்கள் அம்மா பிறந்த ஊரிலிருந்து. மேட்டூருக்கு மேலே, ஆற்றங்கரையில் சின்ன ஊர். கிணற்றடியில் பெரிய தேற்றாமரம் நின்றது. வருஷத்துக்கு ஒரு சாக்கு அங்கிருந்து யார் மூலமாவது வந்து சேரும்.

மனிதர்களுக்கும் அவள் இதே வைத்தியம்தான் பார்த்தாள். பட்டறை ஆட்கள் இரண்டு பேர் அடித்துக்கொண்டு வந்து நின்றால், யார் பக்கம் நியாயம் என்று கேட்க மாட்டாள். ஒருவனைக் கிழக்கே நூல் காயப்போட அனுப்புவாள், மற்றவனை மேற்கே விறகு பிளக்க அனுப்புவாள். பொழுது சாயும்போது இருவரும் ஒரே பீடியைப் பங்கு போட்டுக் குடித்துக்கொண்டிருப்பார்கள். அக்கரைப் பவானியில் வாந்திபேதி என்று பேச்சு வந்து, பாதி ஊர் வண்டி கட்டியபோதும் இவள் அசையவில்லை. "எதுவும் தானா படிஞ்சா அடி தெரியும்டா" என்றாள். கடைசியில் அது ஒரு கருமாதிச் சாப்பாட்டில் கெட்டுப்போன மோரின் வேலை என்று தெரிந்தது. வண்டி கட்டியவர்கள் அசடு வழியத் திரும்பி வந்தார்கள். அவளுடைய பொறுமையைப் பார்த்து எனக்கு ஆச்சரியமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

எனக்குப் பட்டறை வேலை ஒட்டவில்லை. நான் கை வைத்த நூலெல்லாம் திட்டுத்திட்டாகச் சாயம் பிடித்தது. தெரிந்தவர் ஒருவர் சிபாரிசில் பாம்பன் பக்கம் ஒரு தீவில், கடலில் உள்ள உயிர்களை ஆராய்கிற கொட்டகையில் எடுபிடி வேலை கிடைத்தது. பவளம் வளர்க்கிற இடம் என்று ஊரில் சொல்லிவிட்டுப் போனது என் முட்டாள்தனம். அத்தனை பெண்களும் ஆளுக்கொரு பவளமாலை கொண்டுவரச் சொன்னார்கள். அங்கே இருந்தது கழுத்தில் போடுகிற பவளம் இல்லை. கல் மாதிரி இருக்கும் பவளப்பாறை. அந்தக் கல்லின் மேல்தோல் முழுக்க ஊசிமுனை அளவு வாய்கள், ஒவ்வொன்றும் ஓர் உயிர். பக்கத்தில் வைத்துக் காட்டினால்கூட நம் ஊர்க்காரன் நம்ப மாட்டான். நானே ஒரு மாதம் நம்பவில்லை.

அங்கே ஆபீசர் ஒருவர் இருந்தார். சென்னையிலிருந்து வந்தவர், அதிகம் பேசாதவர். மழைக்காலத்தில் ஆறுகள் கொண்டுவந்து கொட்டுகிற மண் இந்தப் பவளத்தை என்ன செய்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. படகில் போய் வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்குவார். கயிற்றைப் பிடிப்பது நான். சித்திரையில் தட்டு போய்க்கொண்டே இருக்கும், கண்ணுக்கும் தெரிந்துகொண்டே இருக்கும். கார்த்திகையில் முழங்கை ஆழத்தில் மறைந்துவிடும். தண்ணீர் கலங்கினால் பவளத்துக்கு வெயில் கிடைக்காது என்பார். அதைவிட மோசம், மண் அதன்மேல் உட்கார்ந்துவிடுவது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் பவளம் ஒரு வழுவழுப்பைச் சுரந்து மேலே விழுகிற மண்ணைத் தானே தள்ளிவிடும். ஓட்டம் நின்றால் தள்ள முடியாது, மூச்சடைத்துப்போகும்.

கரையில் ஒரு சிமெண்டுத் தொட்டியில் பவளக்கட்டிகளை உயிரோடு வைத்திருந்தார். கலங்கல் மாதங்களில் அந்தக் கலங்கல் கடல்நீரையேதான் அதில் விட வேண்டும். மேல்தொட்டியிலிருந்து ஒரு குழாய் வழியே தண்ணீர் எந்நேரமும் ஓடும். பகல் முழுக்க நான் துடுப்பால் மெல்லக் கலக்கிக்கொண்டிருக்க வேண்டும். வேலை நிரந்தரமாகிறதா என்று பார்த்து, அந்தத் தை மாதம் எனக்குப் பெண் கொடுப்பதாகப் பள்ளிபாளையத்தில் சொல்லியிருந்தார்கள். சாய நூலிலும் தோற்றவன் இதிலும் தோற்றால் யார் கொடுப்பார்கள்?

அந்தக் கார்த்திகையில்தான் அக்கா வந்தாள். அப்பாவுக்குத் திதி கொடுக்க மாமாவோடு ராமேசுவரம் வந்தவள், எனக்கு முறைக்காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, மாமாவைச் சத்திரத்தில் விட்டுவிட்டுப் படகேறி வந்துவிட்டாள். ஆபீசர் வேலையாக மண்டபம் போயிருந்தார். கம்பளியைப் போர்த்துக்கொண்டு நடுங்கியபடி நான் தொட்டியைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"என்றா பண்ணிக்கிட்டு இருக்கற?" என்றாள்.

"கலக்கறேன்."

"சேத்தையா?"

"ஆமா. அதான் வேலை."

அவள் தொட்டியை எட்டிப் பார்த்தாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தண்ணியத் தெளிய வெக்கறதுக்குக் கூலி குடுத்துப் பாத்திருக்கறேன். கலக்கறதுக்குக் கூலி குடுக்கற ஊரு இதுதாண்டா" என்று துடுப்பைப் பிடுங்கிக்கொண்டு, என்னைப் படுக்கச் சொன்னாள். கஷாயம் வைத்துக் கொடுத்தாள். நான் பிணம் மாதிரித் தூங்கினேன்.

காலையில் அவள் என்னை எழுப்பியது இன்றும் காதில் இருக்கிறது. "சாமி, எந்திரிச்சு வந்து பாரு. அடி தெரியுது" என்றாள். பாசம் வந்தால் என்னைச் சாமி என்பாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். அவள் எங்கே போனாலும் முந்தானையில் நாலு தேற்றாங்கொட்டை முடிந்திருப்பாள். அதைக் கல்லில் இழைத்துத் தொட்டியில் கரைத்திருக்கிறாள். ஓடுகிற தண்ணீரில் மண் படியாது என்று குழாயையும் மூடியிருக்கிறாள். துடுப்பைக் கழுவிச் சுவரில் சாத்தியிருக்கிறாள். தம்பி உடம்பு தேறுகிறவரை கலக்குகிற பாடு வேண்டாம் என்று, தனக்குத் தெரிந்ததிலேயே உயர்ந்த வேலையைச் செய்து முடித்திருந்தாள்.

தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. அதன் அடியில் ஒவ்வொரு பவளக்கட்டியும் பழுப்பு நிறத்தில் மெல்லிய போர்வை போர்த்திக்கொண்டு கிடந்தது. நான் ஓடிப்போய்க் குழாயைத் திறந்தேன்.

விஷயத்தைச் சொல்லி முடித்தபோது அவள் அழவில்லை. அவளுக்கு அழத் தோன்றவில்லையா, நேரமில்லையா என்று தெரியாது. "உசுரா இதெல்லாம்?" என்று ஒரு தடவை கேட்டாள். "உசுருதான்" என்றேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கிவிட்டாள். கட்டிகளை ஒவ்வொன்றாகக் கூடையில் எடுத்து, கரைக்கும் பாறைக்கும் நடுவே நீரோட்டம் இருக்கிற வாய்க்கால் மாதிரியான இடத்துக்குக் கொண்டுபோனாள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, புதுச்சாயம் ஏற்றிய நூலை அலசுவதுபோல அலசினாள். அந்த நூலைத் தேய்க்கக் கூடாது, முறுக்கக் கூடாது. கையில் ஏந்தி அசைத்தால் போதும், மீதியைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியும், அதைச் செய்தாள். காய்ச்சலோடு நானும் கூடை சுமந்தேன்.

மறுநாள் மத்தியானம் ஆபீசர் படகிலிருந்து இறங்கி நேரே அங்கே வந்தார். நான் வாயைத் திறக்கும் முன்னே அக்கா பேசினாள்.

"நாந்தானுங்க பண்ணுனன். அவன் காச்சலோட படுத்துக் கெடந்தானுங்க. குடிக்கற தண்ணிய தெளிய வெக்கற மாதிரி வெச்சுப்போட்டனுங்க. குத்தம் என்னுதுங்க."

அவர் கட்டிகளைக் கையில் எடுத்து, கண்ணாடி வைத்துப் பார்த்தார். சின்னக் கட்டிகள் பலவற்றில் வாய்கள் மறுபடி திறந்திருந்தன. சில வெளுத்துப்போயிருந்தன. எல்லாவற்றிலும் பெரிதாக, குடம் அளவுக்கு உருண்டையாக ஒன்று இருந்தது. அவர் ஆரம்பத்திலிருந்து அளந்து குறித்துவந்தது அதைத்தான். அதன் மேலே ஒரு வாயும் தெரியவில்லை. லேசாக நாற்றம்கூட வந்தது.

"நல்லா இருக்கட்டும்னுதான் செஞ்சிருக்கீங்க. ஆனா இது போச்சும்மா. இதோட என் ஆராய்ச்சியும் போச்சு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மாசக் கடைசியில கணக்கு முடிச்சுக்கிட்டு ஊருக்குப் போ" என்றார். அவர் கோபித்துக் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அது சாகலீங்க" என்றாள் அக்கா.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்க. ஆனா கைவிட மனசு வரலீங்க. படகு வார வரைக்கும் நான் அலசிக்கிட்டு இருக்கறனுங்க. அதுல ஒண்ணும் நட்டமில்லீங்களே?"

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். மழை மிரட்டியதால் ராமேசுவரம் போகிற படகு உடனே வரவில்லை. வருகிறவரை அவள் பகல் பொழுதெல்லாம் தண்ணீரில் நின்றாள். உள்ளங்கை வெளுத்து ஊறிப்போனது. உப்பு பட்டுக் காலில் புண் வந்தது. மொடாவுக்குப் பக்கத்தில் காக்காயைக்கூட விடாமல் கைகட்டி உட்கார்ந்திருந்த அதே அக்காதானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பொறுமை சும்மா இருக்கிற பொறுமை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கையை ஓயவிடாமலும் அவளால் அதே பொறுமையோடு இருக்க முடிந்தது. வாழ்க்கையில் நான் யாரையாவது பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன் என்றால் அந்த நாட்களில் அவளைப் பார்த்துத்தான்.

ஒரு நாள் சாயங்காலம், "இங்க வாடா, இதென்னமோ முளைக்குது" என்று கூப்பிட்டாள். பெரிய உருண்டையின் ஒரு பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, ஊசிமுனைகள் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தன. நான் ஆபீசரை அழைத்துவர ஓடினேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து, என்னைப் பார்த்து, "மேல்தொட்டி காலியா இருக்கு. போய் நிரப்பு" என்றார். எனக்கு வேலை திரும்பக் கிடைத்தது அப்படித்தான்.

புறப்படும் முன் அக்காவைப் படகில் கூட்டிப்போய், அடியில் கண்ணாடி பதித்த பெட்டி வழியாக அவர் கடலுக்குள் காட்டினார். தெற்குப் பக்கம் தண்ணீர் அப்போதும் ஓரளவு நன்றாக இருந்தது. பச்சையும் ஊதாவும் மஞ்சளுமாகப் பவளம் காடாகக் கிடந்தது. "இந்த மஞ்சள நான் ஒரு நாளும் ஏத்துனதில்லீங்க" என்றாள். வடக்குப் பக்கம் போனபோது கலங்கலுக்கு நடுவே செத்த கற்கள் மங்கலாகத் தெரிந்தன.

"இந்த மண்ணு ஏதுங்க?" என்று கேட்டாள்.

"ஆத்து மண்ணும்மா. பக்கத்துல வைகை. வாடைக்காத்து அடிக்கிறப்ப நீரோட்டம் வடக்கேருந்து தெக்கே வரும். காவேரி கொண்டாந்து கொட்டுற மண்ணும் அதுல கொஞ்சம் வரத்தான் செய்யும்."

"காவேரியா?"

ஆமாம் என்றார். அக்கா பெட்டியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. ஆடி தவறாமல் மஞ்சள் குங்குமம் போட்டுக் கும்பிட்டு வந்த ஆறு அவளுக்கு அது.

தை மாதம் என் கல்யாணம் நடந்தது. அதற்குள் ஊரில் அவள் செய்துவைத்திருந்த காரியங்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. பட்டறையில் நூல் வெளுக்க உவர்மண் பயன்படுத்துவோம். அலசின சேற்றுத்தண்ணீர் அதுவரை நேரே ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. அக்கா கரையில் பெரிய குழி வெட்டி, அதில் தேங்கி மண் படிந்த பிறகே தண்ணீர் ஆற்றில் இறங்கும்படி செய்துவிட்டாள். மாமா தலையில் அடித்துக்கொண்டார். "இங்க கரையற மண்ணு ராமேசுவரத்துக்குப் போயி உன்ற தம்பி வேலையக் கெடுத்துப்போடுமாக்கும்?" என்றார். "போனாலும் போகுமுங்க" என்றாள், துளிக்கூடச் சிரிக்காமல்.

ஆடிப்பெருக்கில் பெண்கள் முளைப்பாரியைக் கூடையோடு ஆற்றில் விடுவார்கள். கூடைக்குள் மண்ணும் எருவும் இருக்கும். இவள் மட்டும் கரையில் உட்கார்ந்து முளைகளைப் பிடுங்கி, வேரை அலசி, பயிரை மட்டும் ஆற்றில் விட்டுவிட்டு, மண்ணைத் திரும்பச் சுமந்துவந்து வாழைக்குக் கொட்டுவாள். சாமி காரியத்தில் கஞ்சத்தனம் என்று கிழவிகள் ஏசினார்கள். "சாமிக்கு மண்ணு எதுக்குங்க? அவ வாரப்பவே நெறைய எடுத்துக்கிட்டுத்தானே வாரா" என்றாள். கிழவிகள் ஏசுவதை நிறுத்தவில்லை.

பட்டறையில் சண்டை வந்தால் மட்டும் பழைய வைத்தியத்தைக் கைவிட்டுவிட்டாள். உட்காரவைத்து, என்ன நடந்தது என்று முதலிலிருந்து கேட்டாள். மண்ணுக்கு அடியில் கிடந்த பவளம் மாதிரி எளியவன் எவனோ வாயை மூடிக்கொண்டு போயிருப்பானே என்ற நினைப்பு அவளுக்கு வந்திருந்தது. ஒரு தடவை, கிழக்கும் மேற்குமாகப் பிரித்து அனுப்பிச் சமாதானமாகிவிட்டதாக நினைத்த பழைய சண்டையில் அடி வாங்கினவன் ஒருவனைத் தேடிப்போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

மேட்டூரில் அணை கட்டி முடித்தார்கள். அதற்கடுத்த ஓர் ஆடியில் நான் லீவில் ஊருக்கு வந்திருந்தேன். புதுத்தண்ணீர் வந்தது. ஆனால் சிவப்பு இல்லை. வெளிறின பச்சையில், படித்துறையின் கீழ்ப்படி வரை தெரிகிற தண்ணீர். ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. சாயக்காரர்களுக்கு ஒரே கொண்டாட்டம், மொடாவும் வேண்டாம் கொட்டையும் வேண்டாம். அக்கா கீழ்ப்படியில் நின்று ஒரு கை தண்ணீரை அள்ளி வெளிச்சத்தில் பார்த்தாள். அவள் வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்ட தண்ணீர்.

எனக்கு அவளைச் சீண்டத் தோன்றியது. "என்னக்கா, உன் பாடு தீர்ந்தது. மண்ணெல்லாம் இனிமே அணையிலேயே படிஞ்சுரும். உனக்கும் தெளிஞ்ச தண்ணி, என் பவளத்துக்கும் தொந்தரவில்ல" என்றேன்.

"அணையிலயா?" என்றாள்.

"ஆமா. ஓட்டம் நிக்கற எடத்துலதான படியும்?"

கையிலிருந்த தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகிப்போனது. அவள் பார்வை ஆற்றின் மேற்பக்கம் போயிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா பிறந்த ஊர் அந்த அணைத்தண்ணீருக்குள் இருந்தது. வீடுகளை விட்டு எல்லோரும் எங்கெங்கோ போய்விட்டார்கள். கிணறும் கிணற்றடித் தேற்றாமரமும் அங்கேயே நின்றன, மண்ணெல்லாம் இனி அவற்றின் மேல்தான் படியும். பட்டறையில் கடைசிச் சாக்கில் கொஞ்சம் கொட்டை மீதி இருந்தது, அவ்வளவுதான்.

அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அங்க எறங்கி அலசறதுக்கு ஆரு இருக்கறாங்க, சாமி?" என்றாள்.